ட்ரெக்கிங் போனா காட்டுக்கு என்ன ஆகும்? பாதிப்பை எப்படி அளக்குறாங்க?

வீக்கெண்ட் வந்தா மலையேறக் கிளம்புறவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மட்டும் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்த பிறகு, மலையேறுபவர்களின் பாதுகாப்பு பற்றி நிறைய பேசுகிறோம். காட்டோட பாதுகாப்பு?

நடந்தாலே பாதிப்பா?

ஆமாம். திரும்பத் திரும்ப மிதிபடும் மண் இறுகிவிடும். மழைத்தண்ணி உள்ளே இறங்காமல் பாதை மேலேயே ஓடும். செங்குத்தான சரிவில் அந்தப் பாதையே ஓடையாகி மண்ணை அரித்துவிடும். மரத்தின் வேர் வெளியே தெரியும். ஷூவில் ஒட்டிவரும் விதைகளால் பார்த்தீனியம் போன்ற களைகளும் உள்ளே நுழையலாம்.

கூட்டம் குறைஞ்சா சரியாகிடுமா?

இங்கதான் ஒரு ட்விஸ்ட். புதுசா ஒரு இடத்தில் முதலில் நடக்கும் சிலராலேயே பெரும்பகுதி பாதிப்பு நடந்துவிடுகிறது. பாதை உருவான பிறகு, அதே தடத்தில் இன்னும் பலர் நடந்தாலும் பாதிப்பு அதே வேகத்தில் கூடுவதில்லை. அதனால், எத்தனை பேர் போனாங்க என்பதோடு, எங்கே நடந்தாங்க என்பதும் முக்கியம்.

எப்படி அளக்குறாங்க?

பாதையில் குறிப்பிட்ட இடைவெளியில் புள்ளிகளைத் தேர்வு செய்வார்கள். இரு ஓரமும் முளை அடித்து, குறுக்கே கயிறு கட்டி, கயிற்றிலிருந்து தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி அளந்தால், எவ்வளவு மண் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பாதையின் அகலம், புதிதாகக் கிளைத்த குறுக்குவழிகள், களைச்செடிகள் எல்லாம் ஜி.பி.எஸ். உதவியோடு பதிவாகும். ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் போட்டோவும் எடுப்பார்கள்.

விலங்குகளுக்கு?

தானியங்கி கேமராக்கள் அதைச் சொல்லும். 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, உலகம் முழுவதும் 62 பாலூட்டி இனங்களை அலசியது. மனித நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகள் பகலைக் குறைத்து இரவில் அதிகம் நடமாடுவது தெரியவந்தது. மலையேற்றம் போன்ற, யாரையும் தாக்காத நடமாட்டத்துக்கும் இது பொருந்தும்.

அளந்து என்ன செய்வாங்க?

எவ்வளவு மாற்றம் வரை ஏற்கலாம் என்று முன்கூட்டியே ஒரு எல்லை வகுப்பார்கள். அதைத் தாண்டினால் பாதையைத் திருப்பிவிடலாம், படி அமைக்கலாம், சில மாதம் மூடலாம். ஆனால் பாதையைத் திறப்பதற்கு முன்பே முதல் அளவு எடுத்திருக்கணும். அது இல்லாவிட்டால், பிறகு எதோடு ஒப்பிடுவது?

நாம என்ன செய்யலாம்?

சேறு இருந்தால் ஓரமாகச் சுற்றிப் போகாதீங்க. அப்படித்தான் பாதை அகலமாகிறது. குறுக்குவழி வேண்டாம். கிளம்பும் முன் ஷூவைக் கழுவிடுங்க. செல்ஃபிக்காகப் புல்வெளியில் இறங்கும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க: உங்க காலடிதான் அங்கே முதல் தடமாக இருக்கலாம்.