தணிக்கை காப்பாற்றிய கடிதங்கள்

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் கடைசியில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் முதல் அணிகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஈப்ர் நகரையொட்டிய பதுங்குகுழிகளில் அவர்கள் இருந்தார்கள். பஞ்சாப், கர்வால், வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்று பல மண்ணிலிருந்து வந்த அந்தச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிக் குவித்தார்கள். 1915 மார்ச்சில் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் போயின. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் புரட்சி செய்ய முனைந்த கதர் கட்சியின் பிரசுரங்கள் பாசறைக்குள் நுழைந்துவிடுமோ என்று அரசுக்குப் பயம். அதனால் ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரியின் பொறுப்பில், பிரான்சின் பூலோன் நகரில், இந்தியக் கடிதங்களுக்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம் இயங்கியது. கடிதங்களைப் பிரித்துப் படித்து, முக்கியமெனப் பட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராவாரம் அறிக்கையாக மேலிடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த அறிக்கைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கிராமங்களுக்குப் போன மூலக் கடிதங்களோ பெரும்பாலும் மண்ணோடு போய்விட்டன. தணிக்கைக்குத் தப்பிய எழுத்தே உண்மையான எழுத்து என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இங்கே கதை தலைகீழ். தணிக்கை இருந்ததால்தான் இந்தச் சிப்பாய்களின் குரல் நமக்குக் கிடைத்தது. இன்னொருவன் படிப்பான் என்று தெரிந்தே எழுதியதையும் சாட்சியமாகக் கொள்ளலாம் என்பதே என் வாதம்.

இதற்கு முதல் மறுப்பு, அந்தக் கடிதங்கள் சிப்பாய் தன் கையால் எழுதியவையே அல்ல என்பது. பலருக்கு எழுத்து தெரியாது. எழுதத் தெரிந்த தோழன் எழுதிக் கொடுத்தான், ஊரில் படிக்கத் தெரிந்த யாரோ உரக்கப் படித்துக் காட்டினார். எனவே நலம் விசாரிப்பும் கும்பிடும் சலாமும் கொண்ட வாய்பாடுதான் மிஞ்சும் என்பார்கள். கடிதத்தின் தலையும் வாலும் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். நடுப்பகுதி அப்படியில்லை. குதிரைப்படை 1918 வரை பிரான்சில் தங்கியது. பல வீரர்கள் குடியானவர் வீடுகளில் இருந்தார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்களே நிலபுலத்தைக் கவனிப்பதைப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பெண்களையும் படிக்க வையுங்கள் என்று ஊருக்கு எழுதியவர்கள் உண்டு. 1910களின் பஞ்சாபில் எந்த எழுத்தனின் வாய்பாட்டிலும் இந்த வரி இருந்திருக்காது.

போரைப் பற்றி எழுதும்போது அவர்கள் கையாண்ட சாமர்த்தியம் வேறு வகை. கறுப்பு மிளகு தீர்ந்துபோய்விட்டது, இனிச் சிவப்பு மிளகுதான் வரவேண்டும் என்ற மாதிரி ஒரு கடிதம் பிரசித்தம். இந்தியச் சிப்பாய்கள் பெருவாரியாகச் செத்துவிட்டார்கள், வெள்ளைக்காரப் படையைத்தான் இறக்க வேண்டும் என்பது பொருள். தணிக்கை அதிகாரிக்கும் அது புரிந்தது. இப்படிச் சாடைமாடையாகச் சொல்வதைத் தடுக்க முடியாது என்று ஹோவெல்லே எழுதிவைத்திருக்கிறார். 1915 மார்ச்சில் பிரான்சின் நேவ் ஷப்பேல் சண்டையில் மூன்றே நாளில் இந்தியப் படைப்பிரிவு நாலாயிரத்துக்கும் அதிகமானோரை இறந்தும் காயம்பட்டும் இழந்தது. அந்த ஆண்டில், பட்டாளத்தில் சேராதே என்று தம்பிக்கும் மச்சானுக்கும் சொல்லியனுப்பிய கடிதங்கள் அறிக்கைகளில் வந்துகொண்டே இருந்தன. ஆபத்தானவை நிறுத்தப்பட்டன; ஆனால் நிறுத்தப்பட்டவை சிறுபகுதிதான். வாயை அடைப்பதைவிட மனநிலையை அறிவது அரசுக்கு லாபம்.

தணிக்கையாளர் தனக்கு வேண்டியதைத்தானே பொறுக்கியிருப்பார் என்பது இரண்டாவது மறுப்பு, வலுவானதும்கூட. ஆம், அதனால் இந்தத் தொகுப்பை வைத்து எத்தனை பேர் மனம் வெறுத்தார்கள் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் பொறுக்கியதன் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். இவை விளம்பரத்துக்கு அல்ல, அரசின் உள்சுற்றுக்கு எழுதப்பட்டவை. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள எந்த அரசும் ஓர் அலுவலகம் வைத்துச் சம்பளம் கொடுக்காது. விளம்பரம் எப்படி இருக்கும் என்பதற்கும் கையிலேயே சான்று இருக்கிறது. இதே கடிதப் பகுதிகள் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கிடம் தரப்பட்டன. அவற்றைக் கொண்டு அவர் சிப்பாய்கள் எழுதியதுபோலக் கற்பனைக் கடிதங்கள் புனைந்து, 1918இல் ‘தி ஐஸ் ஆஃப் ஏஷியா’ என்று புத்தகமாக்கினார். அதில் ஐரோப்பாவின் மேல் வியப்பு நிறைய உண்டு. சேராதே என்ற எச்சரிக்கையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி 1999இல் அறிக்கைகளிலிருந்து தொகுத்து வெளியிட்ட கடிதங்களை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், பேரரசின் பெரிய எழுத்தாளரைவிட அதன் தணிக்கை அலுவலகம் எவ்வளவோ நேர்மையானது என்று தோன்றும்.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை: இது இந்தியாவின் குரல் அல்ல, பெரும்பாலும் வடமேற்கின் குரல். வீர சாதி, வீரமற்ற சாதி என்று பிரிட்டிஷார் பிரித்துவைத்த கொள்கையால் மதராஸ் ராஜதானியில் படைக்கு ஆளெடுப்பது போருக்கு முன்பே மிகவும் சுருங்கியிருந்தது. மெசப்பொட்டேமியாவில் பாலம் கட்டிய மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினரில் தமிழர் பலர் உண்டு. பூலோன் தொகுப்பில் அவர்களைத் தேடிப் பயனில்லை. அரசு காக்காததை வீடுதான் காத்திருக்க வேண்டும். முதல் போரோ இரண்டாம் போரோ, பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் கடிதம் ஒன்று உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்தால் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகலாவது சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓரிடத்துக்குப் போய்ச் சேரட்டும்.