கரிச்சானும் அதன் பிள்ளையும்

செடெனாக்கில் கூதிர்ப் பருவத்தை மரத்தைப் பார்த்து அறிய முடியாது. பாடநூல்கள் 'இலையுதிர் காலம்' என்று எழுதுகிற ஐப்பசி, கார்த்திகையில் ஜோகூரின் இந்தச் செம்பனை நிலம் பச்சை குறையாமல் நிற்கும். இரப்பர்ப் பால்மரங்கள் நின்ற நாளிலும் அவை இலை உதிர்த்தது மாசியை ஒட்டித்தான். இங்கே பருவம் மாறியதைச் சொல்ல வருவது பறவை. வடக்கே சீனத்தில் குளிர் இறங்கத் தொடங்கியதும் வலசைக் குருவிகள் தீபகற்பத்தின் வழியே தெற்கே வருகின்றன. கூலாய்க்கு வடக்கேயுள்ள இந்த இரயிலடி ஊரின் மின்கம்பிகளில் கருநிறக் குருவி ஒன்று, வால் நுனி பிளந்து, வந்து அமர்கிறது. கரிச்சான் என்று வாயெடுக்கும்போதே நா தயங்குகிறது: வயிற்றில் கருமை நிறைவாக இல்லை, இறகுக்கு இறகு வெள்ளை விளிம்பு கட்டி, மீன் செதிலாய்த் தெரிகிறது.

அந்த ஆண்டு பிறந்த இளம்பறவை அது. வால் பிளவும் இன்னும் ஆழப்படவில்லை. கருமையால் பெயர் பெற்ற ஒன்று கருமை முற்றாமல் வந்து நின்றால் அதை எப்படி அழைப்பது? விடை தேடிப் போனால் பெயரின் அடியாழம் வரை இறங்க வேண்டியிருக்கிறது. சொல்லில் சுவை கண்டவர்கள் உடன் வாருங்கள்.

கரி என்பது அடுப்புக்கரியும் கருமையும் ஆகும். கரித்தல் என்ற வினையும் உண்டு. 'சிரித்தான்' பேச்சில் 'சிரிச்சான்' ஆவதுபோல, இகரத்தை அடுத்த தகரம் சகரமான வழியில் 'கரித்தான்' என்பதே 'கரிச்சான்' ஆயிற்று என்று எண்ண இடமிருக்கிறது. சின்னான், தவிட்டான் என்று குருவிகளை ஆளாக்கி ஆன் விகுதி கொடுத்து அழைப்பது நம் ஊர்ப்புற வழக்கம். கரிச்சான் என்னும்போது அந்தச் சகர இரட்டையில் குருவியின் கரகரத்த குரலும் சேர்ந்து ஒலிப்பதாக எனக்குத் தோன்றும். அதை இலக்கண நியாயமாகக் கொள்ள வேண்டாம்.

இதற்கு மூத்த பெயர் காரி. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில், மறவர் ஆநிரை கவரப் போகும்போது நிமித்தம் காட்டும் பறவையாகக் காரி வருகிறது. உரைகாரர் அதைக் கரிக்குருவி என்பர். காரிக்குப் பின்னாளில் பிள்ளை என்ற சொல் ஒட்டிக் காரிப்பிள்ளை ஆயிற்று. புறப்பொருள் வெண்பாமாலையின் வெட்சிப் படலத்தில், புள் நிமித்தம் பிழையாமல் சொன்னவர்க்கு வரிசை தரும் துறைக்குப் 'பிள்ளை வழக்கு' என்று பெயர். பெற்றெடுத்த பிள்ளையை அங்கே தேடினால் ஏமாந்து போவோம். அந்தப் பிள்ளை கம்பியில் இருக்கிற இந்தக் கரியவன்தான்.

பிறகு மதுரை இதற்கு வேறொரு பெயர் கொடுத்தது. திருவிளையாடற் புராணத்தில் காக்கைகளால் குத்துண்ட கரிக்குருவி ஒன்று சொக்கநாதரை அடைந்து, உபதேசம் பெற்று, வலிமை பெற்று, 'வலியான்' ஆகிறது. கதை கதையாக இருக்கட்டும். தன் கூட்டருகே வந்த காக்கையை, தன்னினும் பல மடங்கு பெரியதை, இந்தக் குருவி தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து விரட்டுவதைப் பார்த்தவர்தான் அந்தப் பெயரை முதலில் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் இதைக் காக்கையரசன் என்றனர். மலையாளத்தார் காக்கைத் தம்புராட்டி என்கிறார்கள். மலையாளத்தில் ஆனறாஞ்சி என்ற பெயரும் உண்டு: ஆனையைத் தூக்கிப் போவது என்று பொருள். விளையாட்டுப் பெயராகத் தோன்றினாலும், ஆண்டாள் திருப்பாவையில் விடியலில் பேசும் ஆனைச்சாத்தனை உரைகாரர்கள் வலியன் என்று சொல்வதை இதனோடு வைத்துப் பாருங்கள். ஆனை எப்படியோ இந்தச் சிறு குருவியின் பெயரில் ஏறி, மலைக்கு இரு புறமும் இறங்காமல் இருக்கிறது.

கரிச்சான் என்ற பெயர் ஒரு குருவியோடு நின்றுவிடவும் இல்லை. செடெனாக் வீட்டு வேலிகளில் ஆண்டு முழுதும் வாலை நிமிர்த்திப் பாடுகிற, கறுப்பும் வெள்ளையுமான குருவியை மலாய்க்காரர் முராய் என்பார்கள். ஓயாமல் பேசுகிறவரை வால் பிடுங்கப்பட்ட முராய் என்று கேலி செய்வார்கள். நாம் அதைக் குண்டுக்கரிச்சான் ஆக்கினோம். கரிச்சானும் இதுவும் வேறு வேறு குடும்பம். உடம்பு சற்றுத் திரண்டிருப்பதால் குண்டு என்ற அடை சேர்ந்திருக்கலாம். பறவை நூல்களில் வெண்வயிற்றுக் கரிச்சானும் இருக்கிறது. கருமைப் பெயருக்கு வெள்ளை அடை! நிறப்பெயராகத் தொடங்கியது இனப்பெயராக முற்றிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி இளமைக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை அடுக்கி, பறப்பவற்றுக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற இரண்டையும் உரிமையாக்குகிறது. ஊர்வனவும் அவற்றைப் பெறும். ஐங்குறுநூற்றில் தாய் முகம் நோக்கி வளர்கிற ஆமைக்குட்டிக்குப் பெயர் பார்ப்பு. நாம் இன்று ஓயாமல் சொல்லும் குஞ்சு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வென்றது அதுதான்: கோழிக்குஞ்சு, மீன்குஞ்சு என்று நீரிலும் நிலத்திலும் பரவி, யாழ்ப்பாணத்தில் சிற்றப்பனைக் குஞ்சியப்பு என்று அழைக்கும் அளவுக்கு உறவிலும் புகுந்துவிட்டது. கு.ப. ராஜகோபாலன் 'கரிச்சான்' என்ற புனைபெயரில் எழுத, அவர்மேல் கொண்ட பற்றால் ஆர். நாராயணசாமி 'கரிச்சான் குஞ்சு' ஆனார். 'பசித்த மானிடம்' நாவல் அந்தக் குஞ்சு எழுதியது. பார்ப்பு ஏட்டோடு நின்றது. பிள்ளை மட்டும் கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று பேச்சில் உயிர்வாழ்கிறது. ஆனால் கிளிப்பிள்ளை முதிர்ந்த கிளிக்கும் பெயர், காரிப்பிள்ளை முதிர்ந்த காரிக்கும் பெயர் என்று ஆகி, இளமைப் பொருள் தேய்ந்து, செல்லப் பொருள் மிஞ்சியது.

பறவை பார்ப்பவர்க்கு இந்தத் தேய்வு ஓர் இழப்பு. கூட்டில் கண் திறவாமல் வாய் பிளப்பதும், கூட்டை விட்டு ஆயிரக்கணக்கான கல் பறந்து செடெனாக் கம்பியில் வந்து உட்கார்வதும் ஒரே குஞ்சு ஆகமாட்டா. முன்னதைக் குஞ்சு என்றும், பறக்கத் தொடங்கி முதிராததைப் பிள்ளை என்றும் பிரித்துக்கொண்டால் தொல்காப்பியர் வழியும் கெடாது, நம் வேலையும் எளிதாகும்.

ஆகவே கூதிரில் வேலியோரம் புள்ளியிட்ட குருவியைக் கண்டால் உடனே புதுப்பெயர் தேட வேண்டாம். முதலில் வாலையும் சிறகையும் பாருங்கள். உடம்பெல்லாம் கறுத்து, வயிற்றில் வெண்செதில் இருந்து, வால் பிளந்திருந்தால் அது கரிச்சான் பிள்ளை; அலகு காக்கையினதுபோல் தடித்திருந்தால் அதன் உறவான காக்கையலகுக் கரிச்சானாக இருக்கலாம், அதுவும் இதே மாதங்களில்தான் வரும். மார்பில் செம்பழுப்புப் புள்ளி இருந்து, சிறகில் வெள்ளைப் பட்டை நீண்டு, வால் நிமிர்ந்தால் குண்டுக்கரிச்சான் பிள்ளை. குறிப்பேட்டில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.