களத்துச் சுதந்திரமும் காப்பீட்டு அட்டையும்

சுதந்திரம்னா உங்களுக்கு 1947 ஞாபகம் வரும். எங்க பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. அறுப்பு முடிஞ்சு, சூடடிச்சு, நெல்லைப் பொலி கூட்டினதும், நம்ம வீட்டுக்கு ஒரு மரக்கால் போறதுக்கு முன்னால ஊருக்கு வேலை செய்றவங்களுக்கு அளந்து விடுற பங்குக்குப் பேரு சுதந்திரம். தச்சர், கொல்லர், வண்ணார், காவக்காரர் எல்லாருக்கும் உண்டு. அந்த வரிசையில நாவிதரும் நிப்பார்.

நாவிதர்னா முடி வெட்டுறவர்னு மட்டும் நினைச்சிராதீங்க. கட்டியைக் கீறி விடுறது, புண்ணுக்குக் களிம்பு போடுறது எல்லாம் அவருதான். அவரு வீட்டம்மாதான் மருத்துவச்சி. எங்க ஆச்சி பெத்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடி அறுத்தது அப்படி ஒரு கைதான். எங்க தாத்தா சொல்வார், 21 மரக்கால் ஒரு கோட்டை, பிசானத்துல இத்தனை கோட்டை கண்டா மருத்துவச்சிக்கு இவ்வளவுன்னு ஒரு கணக்கு உண்டுன்னு. அந்த வருஷம் வீட்டுல பிரசவம் இருந்தாலும் இல்லாட்டாலும் நெல்லு போயிரும். யோசிச்சுப் பாத்தா இன்னைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் பிரீமியம்னு வாங்குறதும் இதுதானே. நோய் வர்றதுக்கு முன்னாலயே எல்லாரும் சேந்து கொடுத்து வைக்கிறது.

அதைப் பொற்காலம்னு சொல்ல நான் வரல. அந்த வேலையை அவங்க விரும்பியா செஞ்சாங்க? பிறந்த சாதிக்காகச் செஞ்சாங்க. நடுராத்திரி கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்ல முடியாது. கைவைத்தியம் காலராவுக்கும் பெரியம்மைக்கும் முன்னால ஒண்ணும் நிக்கல. பிரசவத்துல போன பொம்பளைங்க கணக்கை யாரும் எழுதி வைக்கல.

சர்க்கார் வைத்தியம் கிராமத்துக்கு மெதுவாத்தான் வந்துச்சு. 1921-ல நாட்டு வைத்தியத்தை என்ன செய்யலாம்னு பாக்க உஸ்மான் கமிட்டி போட்டாங்க. 1925-ல மெட்ராஸ்ல இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. 1939-ல வந்த மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவுலயே முதல்னு சொல்வாங்க. ஆனா பெரிய கனவு கண்டது 1943-ல போட்ட போர் கமிட்டிதான். சண்டை பத்துன போர் இல்ல, தலைவரா இருந்தவர் பேரு அது. நம்ம ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அதுல உறுப்பினர். 1946-ல கொடுத்த அறிக்கையில, காசில்லைங்கிறதால யாருக்கும் வைத்தியம் இல்லாமப் போகக் கூடாதுன்னு எழுதினாங்க. 10,000-ல இருந்து 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப நிலையம், அதுல 75 படுக்கை! இன்னைக்கும் அவ்வளவு கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1948-ல இங்கிலாந்துக்காரன் தன் நாட்டுல இலவச வைத்தியத்தை எல்லாருக்கும் கொண்டு வந்துட்டான். நாம 1952-ல சின்ன அளவுல ஆரம்ப சுகாதார நிலையம் திறக்க ஆரம்பிச்சோம்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா பாட்டில் நாமதான் கொண்டு போகணும். சிவப்புத் தண்ணி ஊத்தித் தருவாங்க. ஊசியைக் கொதிக்க வச்சுப் போடுவாங்க. அம்பையில முடியலன்னா செங்கோட்டை பாசஞ்சர்ல ஏத்தி நெல்லைக்கு, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு. 1965-ல அங்க மெடிக்கல் காலேஜ் வந்ததுல இருந்து தாமிரபரணிக் கரை முழுக்க அதுதான் கதி.

டாக்டர் இருப்பார், மருந்து இருக்காது. "வெளியில வாங்கிக்கோ"ன்னு சீட்டு வரும். அதை மாத்தினது 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்தை மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குல வச்சு, ஆஸ்பத்திரிக்குப் பாஸ்புக் போட்டு அனுப்புற ஏற்பாடு. மத்த மாநிலங்கள் வந்து பாத்துட்டுப் போய் இதையே செஞ்சாங்க. இதைப் பத்திக் கூட்டம் போட்டுப் பேச யாரும் இல்ல, திறப்பு விழா கட்டடம் இல்லல்லா.

அதே நேரத்துல வெளியில மருந்து விலை ஏறிட்டு இருந்துச்சு. 1979-ல 347 மூலமருந்துக்கு மத்திய சர்க்கார் விலைக் கட்டுப்பாடு வச்சிருந்தது. 1995-ல அது 74 ஆச்சு. பிறகு சில இடத்துல கடிவாளம் திரும்பியும் வந்தது. இதயத்துல வைக்கிற மருந்து தடவின ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல வாங்கிட்டு இருந்தாங்க, 2017 பிப்ரவரியில 29,600 ரூபாய்னு உச்சவரம்பு போட்டாங்க. அதே ஸ்டென்டு, அதே டாக்டர். அப்ப மீதிப் பணம் யாருக்குப் போயிட்டு இருந்துச்சு?

2009 ஜூலையில கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு. 2012 ஜனவரியில ஜெயலலிதா அம்மா அதை மாத்தி முதலமைச்சரின் விரிவான திட்டம்னாங்க. 2018-ல மத்திய திட்டத்தோட இணைச்சு 5 லட்சம்னு ஆச்சு. சண்டை அன்னைக்கே தொடங்கிட்டு. அந்தப் பணத்தைத் தனியார்கிட்ட கொடுக்குறதுக்கு அம்பை, தென்காசி ஆஸ்பத்திரியைப் பெருசாக்கலாமேன்னு ஒரு கட்சி. கட்டி முடிக்கிற வரைக்கும் நெஞ்சு வலிக்காரன் காத்திருப்பானாங்கிறது இன்னொரு கட்சி. ரெண்டும் நியாயந்தான்.

எங்க மதினிக்கு ஆபரேஷன்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டையை வாங்கிக்கிட்டாங்க. ஆனா முன்னால எடுத்த ஸ்கேன், ரத்தம், "இது பேக்கேஜ்ல வராது அண்ணாச்சி"ன்னு கவுண்டர்ல ஒவ்வொண்ணா வந்துச்சு. கூட இருந்தவங்களுக்குச் சாப்பாடு, அண்ணனுக்கு நடுவைச் சமயத்துல போன வேலைநாள். சங்கிலி சொசைட்டிக்குப் போச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, அதையும் சொல்லணும். அட்டை இல்லாட்டா வயல்தான் போயிருக்கும்.

எங்க ஊர்ல குடும்பத்தைச் சாய்க்கிறது பெரிய ஆபரேஷன் மட்டும் இல்ல. சர்க்கரை, பிரஷர்னு மாசாமாசம் அரிக்கிற மாத்திரைச் செலவு. படுக்கையில சேராதவனுக்கு அட்டை அநேகமா உதவாது. நாட்டு மருத்துவச் செலவுல சனங்க கைக்காசு 2013-14-ல 64 சதவீதம், 2021-22-ல 39 சதவீதம்னு மத்திய சர்க்கார் கணக்கு சொல்லுது. அந்தக் கணக்கு மேலயும் படிச்சவங்களுக்குள்ள சண்டை. 2021 ஆகஸ்ட்ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. என் கணக்குல காப்பீட்டை விட இதுக்கு எடை அதிகம்.

இன்னொண்ணு, பட்டணத்துல அதிகம் பேசாதது. கிராமத்துல வேலை பாக்குற அரசு டாக்டருக்கு மேற்படிப்புல 50 சதவீத இடம்னு நம்ம மாநிலம் வச்சிருந்தது. அந்த ஆசையிலதான் இளம் டாக்டருங்க இந்த மலையடிவாரத்துக்கு வந்தாங்க. 2017 வாக்குல அது நின்னு போச்சு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 31-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்பு வந்த அன்னைக்கு எங்க ஊர்ல யாரும் பட்டாசு போடல. போட்டிருக்கணும்.