கல்லெறியும் காலடியும்

உடுமலைப்பேட்டையில் மிச்சமிருக்கும் பழைய வீட்டுத் திண்ணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 763 என்ற எண் ஞாபகத்துக்கு வரும். 1822-ல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லா தோறும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன என்று கணக்குக் கேட்டார். கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் எண்ணி அனுப்பிய தொகைதான் அது. இன்று திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த உடுமலை, அன்று அந்த ஜில்லாவுக்குள் அடங்கியது.

திண்ணைப் பள்ளியில் முதல் பாடம் மணலில். விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டும். அ என்ற குறிலுக்கு ‘ஆனா’ என்று பெயர். ஆ என்ற நெடிலுக்கு ‘ஆவன்னா’. குறிலின் பெயரையே நெடிலில் தொடங்கிய அந்த வாத்தியார் யாரோ! பையன்கள் மட்டும் குழம்பவில்லை. கை எழுதியது, வாய் சொன்னது, காது அளந்தது.

இந்த மணல் சீமைக்கும் போயிற்று. எழும்பூரில் 1789 முதல் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பையன்கள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் உபாத்தியாயர்கள் அதை ஏற்காததால், எட்டு வயதுப் பையன் ஒருவனையே சட்டாம்பிள்ளையாக்கிக் காரியத்தை நடத்தினார். நீண்ட ஆங்கிலச் சொற்களை அசை அசையாகப் பிரித்துப் படிக்கவும் பழக்கினார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அங்கே பிரசித்தமாயிற்று.

அசை என்றதும் நம்மவருக்குத் தேமா, புளிமாவும் செய்யுளும்தான் நினைவுக்கு வரும். அது புலவர்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ல, ழ, ள சங்கடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நம் குழந்தைகள் செய்யும் எழுத்துப் பிழைகளில் பாதிக்கு மேல் அசையில்தான் நேர்கின்றன என்பது என் எண்ணம். கல் என்பதோடு எறி சேர்ந்தால் கல்லெறி, ஒற்று இரட்டிக்கிறது. கால் என்பதோடு அடி சேர்ந்தால் காலடி, இரட்டிக்கவில்லை. கண்ணிமைக்கு இரண்டு ணகரம், தேனடைக்கு ஒரே னகரம். ஏன்? கல்லிலும் கண்ணிலும் ஒற்றுக்கு முன்னே தனிக்குறில் நிற்கிறது. காலிலும் தேனிலும் நெடில் நிற்கிறது. அவ்வளவுதான் ரகசியம். தருமம், கருமம் என்று நம் முன்னோர் எழுதியதும் இப்படியே: தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று நிற்பதைத் தமிழ் ஒப்புவதில்லை. தொல்காப்பியத்திலேயே இருக்கும் இந்தக் கணக்கை 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் சுருக்கித் தந்தார். அவருடைய ஊர் பெருந்துறைக்கு அருகேயுள்ள சீனாபுரம் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவார்கள். வேறு ஊர் சொல்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை.

ஆங்கிலத்தையும் பாருங்கள். ‘ரன்’ என்பது ‘ரன்னிங்’ ஆகும்போது ‘என்’ என்ற எழுத்து இரட்டிக்கிறது. ‘ரெயின்’ என்பது ‘ரெயினிங்’ ஆகும்போது இரட்டிக்கவில்லை. கல்லும் காலும் அங்கேயும் உண்டு! அந்த நாட்டு ஆசிரியர்கள் மூடிய அசை, திறந்த அசை என்று ஆறு வகை பிரித்துச் சிறு குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுக்கிறார்கள். நாமோ சூத்திரத்தை மேல் வகுப்புக்கு ஒத்திவைத்துவிட்டு, கீழ் வகுப்பில் பிழைக்குப் பத்து முறை எழுதச் சொல்கிறோம். கை வலிக்கிறதே தவிர, காரணம் விளங்குவதில்லை. இரண்டு தரம் கை தட்டிக் கல்லையும் காலையும் சொல்லிக் காட்டினால் ஏழு வயதுக் குழந்தைக்குக் காதே சொல்லிவிடும்.

இதனால் பழைய திண்ணையைக் கோயிலாக்கிவிட வேண்டியதில்லை. 1826-ல் மன்றோ தம் ராஜதானி முழுவதற்கும் கூட்டிப் பார்த்தபோது பள்ளிக்கூடங்கள் 12,498. ஆயிரம் பேருக்கு ஒன்று. பள்ளியில் படிக்கும் பெண்கள் மிகச் சிலரே என்பதால், ஐந்நூறு பேருக்கு ஒரு பள்ளி என்றே கொள்ளலாம் என்று அவர் எழுதினார். பாதி ஜனங்களை ஒரு வாக்கியத்தில் கழித்தாயிற்று! சாதியால் திண்ணைக்குக் கீழேயே நிறுத்தப்பட்டவர்களை வேறு கழிக்க வேண்டும்.

2022-ல் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து, எழுத்தை மறந்த பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு. அட்டையும் பாட்டும் விளையாட்டுமாகப் பாடம் நடக்கிறது. அந்த வகுப்புகளில் பெண் குழந்தைகளும், 1822-ல் திண்ணை ஏற முடியாதவர்களின் பேரர்களுக்குப் பேரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தனிக்குறிலின் ரகசியத்தை இவர்களுக்கு ஏழு வயதிலேயே சொல்லிவிடலாம். அதற்கு மணல்கூட வேண்டாம்.