குடல் அழற்சி நோய்க்கான உயிரியல் மருந்து: சிவகங்கை மாவட்டம்

கிரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் வழக்கமான மாத்திரைகளுக்குக் கட்டுப்படாதபோது இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் தரப்படுகின்றன. அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். 2014 டிசம்பரில் சைடஸ் காடிலா இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த அடலிமுமாப், உலகின் முதல் அடலிமுமாப் பயோசிமிலர் (மூல உயிரியல் மருந்தை ஒத்த மருந்து). விலை இறங்கியது; ஆனாலும் தினக்கூலிக் குடும்பத்துக்கு அதுவும் எட்டாக்கனிதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை, உள்நோயாளிச் சிகிச்சைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் அடலிமுமாப் ஊசிக்கு அந்த வரையறை சரியாகப் பொருந்துவதில்லை. செலவு மட்டுமல்ல, பயணமும் சிக்கல்தான்: மதுரையில் ஊசி வாங்கும் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடி நோயாளி, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் குறையாமல், உறையவும் விடாமல், ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும்.