அறுபதினாயிரமும் முப்பத்திரண்டும்

தசரதனுக்கு வயது அறுபதினாயிரமாம்! புராணிகர் புளுகட்டும், போகட்டும். ஆனால், "அந்நாளில் எல்லோரும் நூறாண்டு வாழ்ந்தனர், ஊசி வந்தது, ஆயுள் தேய்ந்தது" என்று படித்தவரே பகரும்போது, நாம் வாளாவிருத்தல் எங்ஙனம்?

கணக்கேட்டைப் புரட்டுவோம். 1941-1950 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. இன்று அது 70ஐ எட்டியுள்ளது. எல்லோரும் 32இல் மாண்டனர் என்பதன்று பொருள். தொட்டிலிலேயே மடிந்த குழந்தைகள் சராசரியைக் கீழே இழுத்தன. தொண்ணூறு கண்ட தாத்தாவைச் சுட்டிக்காட்டுகிறார்கள். பல் முளைக்குமுன் புதைக்கப்பட்ட அவருடைய உடன்பிறப்புகளைக் காட்டுவார் யார்?

பெரியம்மையை எடுத்துக்கொள்வோம். ஆத்தாள் விளையாடுகிறாள் என்றோம். வேப்பிலை செருகினோம், கூழ் வார்த்தோம். பிள்ளைகள் மாண்டனர், பிழைத்தோர் சிலர் கண்ணிழந்தனர். இங்கிலாந்தில் ஜென்னர், பால்காரியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனுக்குக் குத்திக் காப்பு கண்டது 1796இல். அதன் பிறகும் இங்கே அம்மை குத்துவோரைக் கண்டு கதவடைத்த வீடுகள் எத்தனை! இறுதியில் நோயாளியை ஊரூராகத் தேடி, சுற்றியிருந்தோர்க்கெல்லாம் குத்தினர். 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. உலகிலேயே இல்லையென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கூழ் இன்றும் ஊற்றப்படுகிறது. ஆத்தாள் மட்டும் விளையாட வருவதில்லை.