சீழின் பச்சையும் இறாலின் கருப்பும்

பழவேற்காடு ஏரியில் வலையிலிருந்து இறாலைக் கழற்றுகிறவர்களின் விரலில் அதன் தலைமுள் ஏறுவது அன்றாடம் நடப்பதுதான். குத்திய இடம் சேற்றுத் தண்ணீரில் ஊறிச் சீழ் கட்டினால், மஞ்சளோடு லேசான பச்சையும் அதில் ஓடும். ஓட்டில் அடிபட்ட இறாலைப் பாருங்கள், அதன் காயம் கருத்திருக்கும். கோட்டைக்குப்பமோ ஆண்டிக்குப்பமோ, ஏலம் கேட்கிறவர் கண் அந்தக் கருப்பில்தான் நிற்கும். கருத்த சரக்குக்கு விலை இறங்கும். பச்சையும் கருப்பும் நோயை எதிர்க்கும் இரண்டு நொதிகள் விட்டுப்போன தடயங்கள்.

மனிதரிடம் இருப்பது மயலோபெராக்ஸிடேஸ். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவின் உலர் எடையில் சுமார் 5 சதவீதம் இதுவே. இரும்பைத் தாங்கிய பச்சை நிறப் புரதம். ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் உப்பில் உள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆக்கிக் கிருமியின்மேல் கொட்டுகிறது. தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டால் உருவாகிக் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். இறாலின் ஃபீனாலாக்ஸிடேஸ் செம்பைத் தாங்கியது. ரத்த அணுவின் துகள்களுக்குள் உறக்க நிலையில் கிடக்கும். பூஞ்சையின் பீட்டா குளூக்கனோ பாக்டீரியாவின் சுவர்ப்பொருளோ தட்டுப்பட்டதும் விழித்து, மெலனின் என்னும் கருப்பை உண்டாக்கிக் கிருமியைச் சுற்றி அடைத்துவிடும். பிடித்த பிறகும் இந்தக் குடும்பத்து நொதிகள் ஓய்வதில்லை. அதனால்தான் உடனே ஐஸில் போடுவதும் தலையைக் கிள்ளுவதும்.

இந்த இரண்டையும் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் விதத்தில்தான் எனக்கு ஆர்வம். 1941-இல் சுவீடனின் ஷெல் ஆக்னர் மயலோபெராக்ஸிடேஸைப் பிரித்தெடுத்த செய்தி வெளியானது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர், குறித்த இலக்கில் போய் ஒட்டும் புரதமான எதிர்ப்பொருளோடு ஒளிரும் மூலக்கூறு ஒன்றைக் கோத்துக் காட்டினார்கள். ஒருவரை ஒருவர் அறியாமல் நடந்த இந்த இரண்டு வேலைகளும் பிற்பாடு ஒரே சோதனைக்குழாயில் சந்தித்தன. இன்றைய முறை இது: செல்லை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, சபோனின் போன்ற ஒன்றால் அதன் சவ்வில் துளையிட்டு, ஃப்ளூரசீன் பூட்டிய எதிர்ப்பொருளை உள்ளே விடுகிறார்கள். நொதி இருந்தால் அது ஒட்டிக்கொள்ளும். 488 நானோமீட்டர் நீல லேசர் படும்போது அந்தச் செல் பச்சையாக ஒளிரும். ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டவில்லை என்று காட்ட, இலக்கே இல்லாத இன்னொரு எதிர்ப்பொருளையும் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த ஒப்பீட்டுக் குழாய் இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

இறாலுக்கு வழக்கமான சோதனை வேறு மாதிரி. ரத்த அணுக்களை உடைத்து எல்-டோப்பா என்னும் பொருளைச் சேர்த்தால், நொதி வேலை செய்யச் செய்யக் கரைசல் செம்பழுப்பாகும். அதை 490 நானோமீட்டரில் அளப்பார்கள். செலவு குறைவு, பதில் நேரானது: நொதி இயங்குகிறதா, எவ்வளவு. ஆனால் அணுக்களை உடைத்துக் கலக்கிவிட்டதால் எந்த அணுவில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. அதைப் பார்க்க இங்கேயும் எதிர்ப்பொருள் வேண்டும். அதை எலியிடமோ முயலிடமோதான் வாங்கியாக வேண்டும். எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் இறாலுக்குக் கிடையாது.

ஒளிரும் எதிர்ப்பொருளின் குறை இதற்கு நேர் எதிரானது. அது நொதியின் உருவத்தை அறியுமே தவிர வேலையை அறியாது. சிலருக்குப் பிறவியிலேயே மயலோபெராக்ஸிடேஸில் பழுது இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். அவர்களில் ஒரு வகையினரின் செல்லில், இரும்பை ஏற்றுக்கொள்ளாத அரைகுறைப் புரதம் தங்கிவிடுகிறது. சில எதிர்ப்பொருள்கள் அதிலும் ஒட்டும். பச்சை தெரியும், நொதியோ செத்தது. ரத்தப் புற்றுநோயில் இதே குணம் வரமாகிறது. அதில் பெருகும் இளம் செல்கள் மயலாய்டு வகையா, அதாவது நியூட்ரோஃபிலின் வழியில் வந்தவையா என்று பழைய நிறமேற்றும் முறையில் பார்க்கும்போது, 3 சதவீதமாவது பழுப்பேற வேண்டும் என்பது கணக்கு. புதிதாக எடுத்த ரத்தமும் வேண்டும். இன்னும் இயங்கத் தொடங்காத நொதியையும் எதிர்ப்பொருள் பிடித்துவிடுவதால், பழைய முறை கைவிட்ட சில நோயாளிகளின் வகை இதில் தெரிந்துவிடுகிறது. சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.

ஏரியைச் சுற்றிய இறால் பண்ணைகளுக்கு இதில் ஒரு நடைமுறைச் சங்கதி உண்டு. 1990-களின் நடுவில் வெண்புள்ளி வைரஸ் இந்தியக் கடலோரத்துக் குட்டைகளைக் காலி செய்தது. அதன்பிறகு ‘எதிர்ப்புச் சக்தி கூட்டும்’ தீவனங்களும் சந்தைக்கு வந்தன. பீட்டா குளூக்கன் கலந்தவை அவற்றில் ஒரு வகை. விற்கிறவர் அழகாக ஒளிரும் செல்களின் படத்தை நீட்டினால், டோப்பா சோதனை என்ன சொன்னது என்று கேட்கலாம். அந்த எண் கூடியிருந்தாலும் போதாது. வைரஸ் தாக்கிய தொட்டியில் அந்தத் தீவனம் தின்ற இறால் எத்தனை பிழைத்தது, தின்னாதது எத்தனை பிழைத்தது என்ற கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.